முன்பாரம், பின்பாரம்: டிராவல் டிரெய்லருக்கு எந்த ஹிட்ச்?

கேள்வி இது: "அண்ணா, எங்களிடம் ஃபோர்டு எஃப்-150 சூப்பர்க்ரூ பிக்கப் டிரக் இருக்கிறது. கதவு ஸ்டிக்கரில் பேலோடு, அதாவது ஆள், சாமான் எல்லாம் சேர்த்து டிரக் சுமக்கக்கூடிய எடை, 1,640 பவுண்டு. பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி, 26 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். பிரோஷரில் காலி எடை 5,600 பவுண்டு, அதிகபட்சம் 7,500. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கட்டாயம் வேண்டும், எதற்கும் பெரிய சைஸாகவே வாங்குங்கள் என்கிறார் டீலர். ஈக்வலைசர், புளூ ஆக்ஸ், ஆண்டர்சன் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?"

தம்பி, டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்சில் எடை பகிரும் வகை வேண்டும் என்று டீலர் சொன்னது சரி. பெரிய சைஸாக வாங்கச் சொன்னது தப்பு. பிராண்டைப் பற்றிக் கடைசியில் பேசலாம். அதற்கு முன் எடைக் கணக்கைப் போட்டுவிடுவோம், ஏனென்றால் அந்தக் கணக்கே பாதி ஹிட்ச்களைத் தள்ளிவிடும்.

எங்கள் ஊரில் தாத்தா மாட்டுவண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடைசி மூட்டையை வைத்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் கொஞ்சம் இருக்க வேண்டும். அதிகமானால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரமாகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும், மேட்டில் ஏறும்போது வண்டியே அண்ணாந்துவிடும். டிராவல் டிரெய்லரும் அச்சு நடுவில் இருக்கிற ஒரு வண்டிதான். அமெரிக்காவில் டங் வெயிட் என்று சொல்வது இந்த முன்பாரத்தைத்தான். டிரெய்லரில் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு வரும் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக, டிரக்கின் பின்னால் உள்ள ஹிட்ச் பந்தின் மேல் உட்கார வேண்டும். பத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும்.

பிரோஷரில் போட்டிருக்கும் 5,600 பவுண்டை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் அதில் பேட்டரி, நிரப்பிய கேஸ் சிலிண்டர், தண்ணீர், உங்கள் சட்டி பானை எதுவும் சேராது. இருபது பவுண்டு புரொபேன் சிலிண்டர் ஒன்று நிரப்பினால் தகரத்தோடு சேர்த்து சுமார் 37 பவுண்டு. அப்படி இரண்டு, கூடவே பேட்டரி, எல்லாமே டிரெய்லரின் மூக்கில்தான் உட்காரும். தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, அதனால் 40 கேலன் தொட்டி நிறைந்தால் 330 பவுண்டுக்கு மேல். உங்களுடையது மாதிரி ஒரு டிரெய்லர் குடும்பத்தோடு கிளம்பும்போது 7,000 பவுண்டை நெருங்கியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் பன்னிரண்டரை சதவீதம் 875 பவுண்டு. இதுதான் நாம் கையாளப்போகும் முன்பாரம்.

இந்த 875 பவுண்டு டிரக்கை என்ன செய்கிறது என்று பாருங்கள். உங்கள் டிரக்கின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், சுமார் 145 அங்குலம். ஹிட்ச் பந்து பின் அச்சுக்கு 65 அங்குலம் பின்னால் தொங்குகிறது என்று வைப்போம். பின் அச்சுதான் இங்கே சீசா பலகையின் நடுக்கட்டை. பின்னால் 875 அமுக்கினால், முன் சக்கரங்களிலிருந்து 875 × 65 ÷ 145, அதாவது சுமார் 390 பவுண்டு தூக்கிக்கொள்ளும். பின் அச்சில் 875 மட்டும் ஏறாது, அந்த 390-ம் சேர்ந்து 1,265 ஏறும். பின்பக்கம் அமுங்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும், அதைவிட முக்கியமாக ஸ்டியரிங் லேசாகிவிடும். திருப்பவும் பிரேக் பிடிக்கவும் தேவையான முன் சக்கரப் பிடி குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

எடை பகிரும் ஹிட்ச் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ஹிட்ச் தலையிலிருந்து பின்னோக்கி இரண்டு ஸ்பிரிங் பார்கள் போகும். அவற்றின் வால் முனையை டிரெய்லரின் ஃப்ரேமோடு சங்கிலியாலோ பிராக்கெட்டாலோ இழுத்து மாட்டுவார்கள். கட்டிட வேலையில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்கினால் பாரம் முன் சக்கரத்துக்குப் போகும் இல்லையா, அதே மாதிரி இந்த பார்கள் டிரக்கின் பின்புறத்தைத் தூக்கி எடையை முன் அச்சுக்குத் தள்ளும். கொஞ்சம் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் போகும். மேலே சொன்ன கணக்கில் முன் அச்சு இழந்ததில் பாதியைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றால், முன்னால் சுமார் 195 பவுண்டு திரும்பி வரும், டிரெய்லர் சக்கரங்களுக்கு சுமார் 110 போகும், பின் அச்சுச் சுமை 1,265-லிருந்து 960 ஆகக் குறையும்.

இதை வைத்து ஒரு பொய்க்கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. "ஹிட்ச் போட்டுவிட்டால் டிரக் கூடுதலாகச் சுமக்கும்" என்பார்கள். சுமக்காது. கதவு ஸ்டிக்கர் எண் அப்படியேதான் இருக்கும், அச்சு வரம்பும் அப்படியேதான். டிரெய்லருக்குப் போகிற 110 பவுண்டை நான் பேலோடில் கழித்துக்கொள்வதே இல்லை. மேட்டில், பள்ளத்தில், திருப்பத்தில் அது மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் கணக்கைப் பாருங்கள்: முன்பாரம் 875, நீங்கள் நான்கு பேரும் சுமார் 420, ஹிட்ச்சின் சொந்த எடை 95, டிரக் பெட்டியில் விறகு, ஐஸ்பெட்டி, சின்ன ஜெனரேட்டர் என்று 150. கூட்டினால் 1,540. உங்கள் ஸ்டிக்கர் 1,640. நூறு பவுண்டு மிச்சம். பிள்ளைகள் வளர்வார்கள், ஊரிலிருந்து மாமியார் வருவார், அப்போது இந்த நூறு காணாமல் போய்விடும். முன்பணத்தைத் திருப்பி வாங்க முடியும் என்றால் கொஞ்சம் சின்ன டிரெய்லரைப் பார்ப்பதில் வெட்கமே இல்லை என்பது என் கருத்து. இருந்தாலும் கணக்குக்குள் அடங்குகிறது, மேலே போகலாம்.

டிரக் விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த எண் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் ஜே2807 சோதனை முறைப்படி வருவது. அதில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் இன்னொருவரும்தான், தலா 150 பவுண்டு. முன்பாரமும் 10 சதவீதம்தான். உங்கள் குடும்பமும் ஐஸ்பெட்டியும் அந்தச் சோதனையில் ஏறவில்லை.

அடுத்து, டிரக்குக்கு அடியில் குனிந்து ரிசீவரில், அதாவது ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாயில், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். அதில் இரண்டு வரி இருக்கும். சும்மா பந்தில் மாட்டி இழுத்தால் எவ்வளவு என்பது ஒன்று, எடை பகிரும் ஹிட்ச்சோடு எவ்வளவு என்பது இன்னொன்று. எஃப்-150-இல் முதல் வரி பொதுவாக 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு முன்பாரம். உங்கள் டிரெய்லர் அதைத் தாண்டிவிட்டது, அதனால்தான் ஹிட்ச் கட்டாயம். இரண்டாவது வரியில் உள்ள முன்பார வரம்பு 875-க்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளின் மேனுவலில், முக்கியமாக ஐரோப்பிய வண்டிகளில், இந்த வகை ஹிட்ச்சே போடக் கூடாது என்று இருக்கும். ஐரோப்பாவில் இது கிட்டத்தட்ட புழக்கத்திலேயே இல்லை. அங்கே கேரவனுக்கு முன்பாரம் 5 முதல் 7 சதவீதம்தான் வைப்பார்கள், வேக வரம்பும் குறைவு, ஆட்டத்தைத் தடுக்க அல்கோ மாதிரி உராய்வு கப்ளர் (டிரெய்லர் மூக்கில் பந்தைக் கவ்வும் பூட்டு) போடுவார்கள். இங்கிலாந்து யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு டெக்சஸில் டிரெய்லர் கட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, சைஸ். பார்கள் எடை வாரியாக வரும். ஈக்வலைசரில் 600, 1,000, 1,200, 1,400 என்று முன்பார அளவுகள். புளூ ஆக்ஸ் ஸ்வேபுரோவில் 550, 750, 1,000, 1,500 என்று போகும். முன்பாரத்தோடு, டிரக் பெட்டியில் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கிற சாமானையும் சேர்த்துக்கொண்டுதான் பார் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு 875-ம் ஒரு 80-ம் சேர்ந்து 950 சொச்சம். ஆயிரம் பவுண்டு பார் சரியான பொருத்தம். 750 போட்டால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் முன் அச்சுக்கு எடை திரும்பாது. 1,400 போட்டால் பார் வளையாது. அது ஸ்பிரிங், வளைந்து கொடுத்தால்தான் வேலை. வளையாத பார் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் குத்தும், டிரெய்லர் ஃப்ரேமையும் ரிசீவரையும் வாட்டும். "பெரிசா இருந்தா நல்லது" என்பது சோற்றுப் பானைக்குப் பொருந்தும், ஸ்பிரிங்குக்குப் பொருந்தாது.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம், பிராண்டுகள் பிரிவது இங்கேதான். எடையைப் பகிர்வது எல்லா ஹிட்ச்சும் செய்யும். காற்றில், பெரிய லாரி கடக்கும்போது, டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதை எப்படித் தடுக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

மலிவான வழி, சாதாரண ரவுண்ட் பார் ஹிட்ச்சோடு தனியாக ஒரு உராய்வுக் கம்பி மாட்டிக்கொள்வது. ஒரு பக்கம் மட்டும் இருக்கும், பிரேக் ஷூ மாதிரி உராய்ந்து ஆட்டத்தை மந்தமாக்கும். ரிவர்ஸ் எடுக்கும் முன் கீழே இறங்கி அதைக் கழற்ற வேண்டும், மறந்தால் வளைந்துபோகும். இருட்டில், மழையில், பிள்ளைகள் பசியில் கத்தும்போது கேம்ப்கிரவுண்டில் மூன்று தடவை முன்னே பின்னே எடுக்கும் நிலையில் அதை நினைத்துப் பாருங்கள். 20 அடி டிரெய்லருக்குச் சரி. 26 அடிக்கு நான் வாங்க மாட்டேன்.

ஈக்வலைசர் யூட்டா மாநிலத்து நிறுவனத்தின் தயாரிப்பு. சங்கிலி கிடையாது. பார்கள் டிரெய்லர் ஃப்ரேமில் உள்ள எல் வடிவ பிராக்கெட்டின் மேல் உட்காரும். தலையில் இரண்டு இடம், பிராக்கெட்டில் இரண்டு இடம், ஆக நாலு இடத்தில் உராய்வு. ரிவர்ஸுக்குக் கழற்ற வேண்டாம். குறை என்றால் சத்தம். பார்க்கிங் லாட்டில் திரும்பும்போது பழைய மரக்கதவு மாதிரி முனகும், கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தலையில் பார் நுழையும் சாக்கெட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் வைத்தால் குறையும், நிற்காது. அதே நிறுவனத்தின் ஃபாஸ்ட்வே இ2 என்பது இதன் எளிய வடிவம். விலை குறைவு, ஆட்டக் கட்டுப்பாடும் ஒரு படி குறைவு.

புளூ ஆக்ஸ் நெப்ராஸ்காவில் செய்வது. பார்கள் சங்கிலியில் தொங்கும், ஒரு சுழல் பூட்டில் சாவி போட்டுத் திருப்பி இறுக்க வேண்டும். பார்களின் இழுவிசையே டிரெய்லரை நேர்க்கோட்டுக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும். சத்தம் மிகக் குறைவு. எனக்கு இதில் பிடித்தது, குழந்தை தூங்கும்போது கேம்ப்கிரவுண்டுக்குள் நுழையலாம்.

ஆண்டர்சன் வேறு ஜாதி. ஸ்பிரிங் பாருக்குப் பதில் சங்கிலியும் யூரித்தேன் ரப்பர் கட்டையும். தலையைச் சேர்த்துச் சுமார் 60 பவுண்டுதான், முதுகுவலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். சத்தமே கிடையாது, ஆட்டத்தையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் முன்பாரம் கூடக் கூட எடையை முன்னால் தள்ளும் சக்தி போதாமல் போகும். 400, 500 பவுண்டு முன்பாரம் உள்ள சின்ன டிரெய்லர் என்றால் இதைத்தான் சொல்வேன். உங்கள் 875-க்குச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஹென்ஸ்லி ஏரோ, புரோபிரைட் 3பி. இரண்டும் ஒரே மனிதரின் வடிவமைப்பிலிருந்து வந்தவை. மற்றவை எல்லாம் ஆட்டத்தை உராய்ந்தோ இழுத்துப் பிடித்தோ மந்தமாக்கும். இவை நாலு கம்பி இணைப்பு மூலம் டிரெய்லரின் சுழல் மையத்தையே டிரக்கின் பின் அச்சுக்கு அருகில் இருப்பதுபோல் ஆக்கிவிடும், அதனால் டிரெய்லரால் டிரக்கின் வாலைப் பிடித்து இழுக்க முடியாது. 32 அடி டிரெய்லரை எஸ்.யூ.வி.யில் இழுப்பவர்கள் சத்தியம் செய்வார்கள். விலை மூவாயிரம் டாலருக்கு மேல், எடை சுமார் 200 பவுண்டு. உங்களிடம் மிச்சமிருப்பதே நூறு பவுண்டு, மேலே உள்ள கூட்டலில் 95-க்குப் பதில் 200 போட்டுப் பாருங்கள்.

ஆக உங்களுக்கு ஈக்வலைசர் 1,000 அல்லது புளூ ஆக்ஸ் 1,000. எனக்கென்றால் புளூ ஆக்ஸ். ஆனால் ஒழுங்காகக் கட்டிய எதுவும், தப்பாகக் கட்டிய எதையும் விட நல்லது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன்.

எங்கள் முதல் டிரெய்லர் 24 அடி. ஹிட்ச்சை விற்ற டீலரே மாட்டிக் கொடுத்தார், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. டாலஸிலிருந்து அமரில்லோ பக்கத்தில் பாலோ டூரோ கேன்யன் பூங்காவுக்கு, 287-ஆம் நெடுஞ்சாலையில் கிளம்பினோம். விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டியதும் மேற்குக் காற்று. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் டிரெய்லர் முதலில் லாரியை நோக்கி இழுக்கப்பட்டு, பிறகு வெளியே தள்ளப்பட்டது. மனைவி ஒன்றும் பேசவில்லை, கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டே வந்தார். குவானாவில் நிறுத்தி அளந்தேன். முன் சக்கர வளைவு, டிரெய்லர் மாட்டாத நிலையைவிட ஒன்றரை அங்குலம் தூக்கியிருந்தது. சங்கிலிகளைக் கடைசிக் கண்ணியில் மாட்டியிருந்தார்கள், பார்கள் வளையவே இல்லை, சும்மா தொங்கிக்கொண்டு வந்தன. கூடவே என் தப்பும் ஒன்று: அச்சுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பியிருந்தேன். தாத்தா பார்த்திருந்தால் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்தே சொல்லியிருப்பார். தண்ணீரைத் திறந்துவிட்டு, சங்கிலியை இரண்டு கண்ணி ஏற்றிக் கட்டினேன். மீதி வழி வேறு வண்டி ஓட்டுவது போல இருந்தது. அந்தப் பூங்காவுக்குள் இறங்கும் சாலை 10 சதவீதச் சரிவு. பழைய நிலையில் அதில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கப் பிடிக்காது.

அதனால் டீலர் மாட்டினாலும் நீங்கள் அளந்து பாருங்கள். சமதரையில், பயணத்துக்குப் போகிற அதே சாமானோடு. டிரெய்லர் மாட்டாமல் முன் சக்கர வளைவின் உயரத்தை எழுதுங்கள், 37½ அங்குலம் என்று வைப்போம். டிரெய்லரை மாட்டி, பார் போடாமல் அளந்தால் 38¾ ஆகும். இப்போது பாரை மாட்டி அளக்க வேண்டும். பாதி திரும்ப வேண்டும் என்றால் சுமார் 38⅛. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை உங்கள் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் முழுவதும் திருப்பச் சொல்வார்கள், இப்போது பல பிக்கப்களுக்குப் பாதி போதும் என்கிறார்கள். ஆரம்ப உயரத்தைவிடக் கீழே போகும்படி மட்டும் இறுக்காதீர்கள். பின் சக்கரப் பிடி குறைந்து, ஈரச் சாலையில் வால் வழுக்கும். போதவில்லை என்றால் ஹிட்ச் தலையில் வாஷர் சேர்த்து அதைப் பின்னோக்கிச் சாய்க்க வேண்டும், அல்லது சங்கிலியை ஒரு கண்ணி ஏற்ற வேண்டும். கடைசியில் டிரெய்லர் மட்டமாக, அல்லது மூக்கு இம்மியளவு கீழே இருக்க வேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் ஷாங்கில் (ரிசீவருக்குள் செருகும் துண்டில்) தலையை ஒரு துளை இறக்குங்கள்.

பாரை மாட்டும்போது கை பலத்தைக் காட்ட வேண்டாம். கப்ளரைப் பூட்டிய பிறகு டிரெய்லரின் ஜாக்கை வைத்து டிரக்கின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கினால் பார் தளர்ந்துவிடும், ஒரு கையால் மாட்டலாம், கழற்றலாம். இறுகிய பார் விடுபட்டால் எலும்பை முறிக்கும். அது போகும் பாதையில் காலையோ முகத்தையோ வைக்காதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

டேப் அளவு சரியாக வந்ததும் ஹைவே டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேலுக்குப் போங்கள். லாரிகளுக்கான எடைமேடைதான், நாமும் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முன் அச்சு ஒரு பலகையில், பின் அச்சு ஒன்றில், டிரெய்லர் ஒன்றில். மூன்று தடவை எடை போடுங்கள்: பார் மாட்டி ஒரு தடவை, பாரைக் கழற்றி ஒரு தடவை, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும் ஒரு தடவை. 24 மணி நேரத்துக்குள் மறு எடைக்குக் கட்டணம் குறைவு. இரண்டாவது சீட்டில் டிரக்கின் இரு அச்சுகளையும் கூட்டி, மூன்றாவது சீட்டில் உள்ளதைக் கழித்தால் உண்மையான முன்பாரம் கிடைக்கும். முதல் இரண்டு சீட்டையும் ஒப்பிட்டால் பார்கள் எவ்வளவு எடையை நகர்த்துகின்றன என்று தெரியும்.

வாங்கும் முன் டிரெய்லர் மூக்கையும் ஒரு தடவை பாருங்கள். பிராக்கெட் உட்காரும் இடத்தில் கேஸ் சிலிண்டர் தட்டோ பேட்டரிப் பெட்டியோ இடித்தால் அந்த ஹிட்ச் மாட்டாது. பந்து உங்கள் கப்ளரில் அச்சடித்திருக்கும் அளவில் இருக்க வேண்டும், இந்த எடைக்குப் பொதுவாக 2 5/16 அங்குலம். அதன் நட்டை 400 அடி-பவுண்டுக்கு மேல் முறுக்க வேண்டியிருக்கும். வீட்டில் உள்ள ஸ்பேனரால் ஆகாது, லாரி மெக்கானிக்கிடம் கொடுங்கள். டிரெய்லர் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் இல்லாமல் கிளம்பவே கூடாது. ஆட்டம் வந்தால் டிரக் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் தட்ட வேண்டும். ஆள் இல்லாத சாலையில் அந்தக் கைப்பிடியை முன்கூட்டியே தொட்டுப் பழகுங்கள்.

முதல் ஐம்பது மைலில் நிறுத்தி எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள். எடைச் சீட்டுகள் வந்ததும் எட்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள், வாஷர் கூட்டணுமா குறைக்கணுமா என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.